பால்புதுமை இளையோருக்கான காப்பகங்களும் சமூக மையங்களும்: வடிவமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே 'பால்புதுமை இளையோர்' என்று குறிப்பிடப்படுவோர் யார்?

தன்பாலீர்ப்பாளர்கள், இருபாலீர்ப்பாளர்கள், திருநங்கையர், திருநம்பியர் (பிறப்பில் பெண் எனக் கருதப்பட்டு, தம்மை ஆணாக உணர்பவர்கள்), ஆண் பெண் என்ற இரண்டு வகைக்குள்ளும் தம்மை அடைத்துக்கொள்ளாதவர்கள் ஆகிய எல்லோரையும் சேர்த்து எல்ஜிபிடி என்று குறிப்பது உலக வழக்கு. தமிழில் பால்புதுமையினர் என்ற சொல் நிலைபெற்று வருவதால் இங்கு அதையே ஆள்கிறோம். இளையோர் என்று சொல்லும்போது ஏறத்தாழ 14 முதல் 25 வயது வரை உள்ளவர்களை மனத்தில் கொண்டிருக்கிறோம். தமக்கு இன்னும் எந்தப் பெயரும் சூட்டிக்கொள்ளாதவர்களும், வீட்டில் சந்தேகம் எழுந்த ஒரே காரணத்துக்காகத் துரத்தப்பட்டவர்களும் இதில் அடக்கம். வாசலில் நிற்பவரிடம் 'நீ எந்த வகை' என்று கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே உள்ளே விடும் இடத்தைக் காப்பகம் என்று அழைக்க முடியாது.

பொதுவான காப்பகங்கள் இருக்கும்போது தனியாக ஒன்று எதற்கு?

சிகாகோ பல்கலைக்கழகத்தின் சாப்பின் ஹால் ஆய்வு மையம் அமெரிக்காவில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, பால்புதுமை இளையோர் வீடற்ற நிலைக்குத் தள்ளப்படும் அபாயம் மற்ற இளையோரைவிட 120 விழுக்காடு அதிகம், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல், என்று கண்டது. வீட்டைவிட்டு வெளியேறக் காரணமாக இருந்த ஏளனமும் அடியும் பொதுக் காப்பகத்திலும் தொடர்ந்தால், அவர்கள் தெருவே மேல் என்று திரும்பிவிடுகிறார்கள். நியூயார்க்கில் வீடின்றி அலைந்த பால்புதுமை இளையவர் ஆலி ஃபோர்னி 1997இல் ஹார்லெம் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டபோது வயது 22. அவரை நன்கு அறிந்திருந்த கார்ல் சிசிலியானோ 2002இல் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் ஆறு கட்டில்களோடு தொடங்கியதுதான் பால்புதுமை இளையோருக்கான இன்றைய ஆலி ஃபோர்னி மையம்.

பொதுக் காப்பகத்தின் சிக்கலைப் பணியாளர்களின் மனப்பான்மை என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. பாதிச் சிக்கல் தள வரைபடத்திலேயே இருக்கிறது. ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம், தடுப்பில்லாத குளியலறை, எல்லோர் காதிலும் விழும்படி பெயரும் வயதும் கேட்கும் வரவேற்பு மேசை ஆகிய ஒவ்வொன்றும், அந்த இளையவர் வாய் திறப்பதற்கு முன்பே அவரைப் பற்றிய செய்தியை அறிவித்துவிடுகிறது. எனவே எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் நாங்கள் முதலில் கேட்பது இதுதான்: தன்னைப் பற்றி யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்ற முடிவு இந்த இடத்தில் அந்த இளையவரின் கையில் இருக்கிறதா? கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் இக்கேள்வியிலிருந்து கிளைத்தவையே.

காப்பகத்தையும் சமூக மையத்தையும் ஒரே கட்டடத்தில் அமைக்கலாமா?

அமைக்கலாம், ஆனால் இரண்டின் தேவைகளும் ஒன்றோடொன்று முரண்படுபவை என்பதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். சமூக மையம் பலர் வந்துபோகும் இடம். அது இருப்பது தெரிந்தால்தான் பயன். காப்பகமோ சிலர் உறங்கும் இடம். அது இருப்பது தெரிந்தால் ஆபத்து. ஒரே கட்டடம் என்றால் வாசல், படிக்கட்டு, மின்தூக்கி மூன்றும் தனித்தனியாக இருப்பது நல்லது. மாலையில் நாடகப் பயிற்சிக்கு வந்த ஒருவர் வழிதவறி உறங்கும் தளத்துக்குள் நுழைந்துவிட முடியுமானால், அந்த வரைபடத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

சேர்த்து அமைப்பதில் நன்மையும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் எல்ஜிபிடி மையம் 2019இல் திறந்த அனிதா மே ரோசன்ஸ்டீன் வளாகத்தில் வீடற்ற இளையோருக்கு 100 படுக்கைகளும், மூத்த பால்புதுமையினருக்கான 99 வீடுகளும் ஒரே திட்டத்தின் பகுதிகளாக வகுக்கப்பட்டன. தன்னைப் போன்ற ஒருவர் எழுபது வயது வரை வாழ்ந்திருப்பதையே பார்த்திராத பதினேழு வயதுக்காரருக்கு, முற்றத்தில் எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும் ஒரு முதியவர் எந்த ஆலோசகராலும் தர முடியாத ஒன்றைத் தருகிறார்.

இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? பெயர்ப்பலகை வைக்கலாமா?

பேருந்து அல்லது ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய தொலைவு, இரவிலும் ஆள்நடமாட்டம் உள்ள தெரு, ஒரே முட்டுச்சந்தில் முடியாமல் இரண்டு பக்கமும் வெளியேறக்கூடிய வழி ஆகியவை அடிப்படை. கூடவே, அந்த வாசலுக்குள் நுழைய வேறு காரணங்களும் இருக்க வேண்டும். நூலகம், பல் மருத்துவமனை, தட்டச்சுப் பயிற்சி நிலையம் போன்றவை இயங்கும் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் உள்ள மையத்துக்குப் போகும் ஒருவர், எதிர்ப்பட்ட உறவினரிடம் கூச்சமில்லாமல் ஒரு காரணம் சொல்லிவிடலாம். தனித்து நிற்கும் கட்டடத்தில் அந்த வசதி இல்லை.

சமூக மையத்துக்குப் பெயர்ப்பலகை தேவை; அது பாலினத்தையோ ஈர்ப்பையோ பறைசாற்றாத பெயராக இருக்கலாம். காப்பகத்துக்குப் பலகையே வேண்டாம். முகவரியை அச்சிட்ட தாள்களில் கொடுக்காமல், தொலைபேசியில் பேசிய பிறகோ மையத்துக்கு வந்த பிறகோ சொல்வதே நடைமுறை. முகவரி என்றைக்கும் வெளியே கசியாது என்று நம்பி மட்டும் எதையும் வடிவமைக்காதீர்கள். கசிந்த மறுநாளும் அந்தக் கட்டடம் தாங்க வேண்டும்.

நுழைவாயில் எப்படி இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பலர் வாசல்வரை வந்து திரும்பிவிடுகிறார்கள். முதல் நாள் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். இரண்டாம் நாள் கடந்து நடப்பார்கள். மூன்றாம் நாள்தான் கதவைத் தொடுவார்கள். ஆகவே வெளியே நிற்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஓரளவு தெரிய வேண்டும், அதே நேரத்தில் உள்ளே இருப்பவர்களின் முகம் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியக்கூடாது. கண்மட்டத்துக்கு மேலே தெளிவான கண்ணாடியும் கீழே பனிக்கண்ணாடியும் பொருத்துவது ஒரு வழி. கதவுக்குள் நுழைந்ததும் ஒரு திருப்பம் வைத்து, அதற்குப் பின்னால் இருக்கைகளை அமைப்பது இன்னும் நல்ல வழி. நிழற்கூரையோ சிறு திண்ணையோ இருந்தால், உள்ளே வர இன்னும் மனம் கூடாதவருக்கு நிற்க ஓர் இடம் கிடைக்கும்.

வாசல் இரண்டு கதவுகளைக் கொண்டதாக இருப்பது பாதுகாப்பு. முதல் கதவு எளிதில் திறக்கும். இரண்டாவது, உள்ளிருப்பவர் பார்த்த பிறகு திறக்கும். இடைப்பட்ட அந்தச் சிறு அறைதான் கோபத்தோடு தேடி வரும் உறவினரைத் தடுத்து நிறுத்துகிறது. ஆனால் அதையே சிறை வாயில்போலக் கம்பிகளும் தடித்த கண்ணாடித் தடுப்புமாக அமைத்துவிட்டால், உதவி தேடி வந்தவரும் அங்கேயே நின்று திரும்பிவிடுவார். ஒரு பெஞ்சு, மிதமான விளக்கு, 'மணியை அடியுங்கள், ஒரு நிமிடத்தில் வருகிறோம்' என்ற எளிய அறிவிப்பு ஆகியவை அந்த அறையின் குணத்தையே மாற்றிவிடுகின்றன.

வரவேற்பு மேசை வாசலுக்கு நேர் எதிரே இருக்க வேண்டாம். சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். உள்ளே நுழைந்ததுமே ஒரு கண் தம்மை அளப்பதாக உணர்கிறவர்கள் தாம் யாருடைய கண்ணிலிருந்து தப்பி வந்தார்களோ அதையே நினைத்துக்கொள்வார்கள்.

முதல் இரவு வருபவரைப் பதிவு செய்யும்போது என்ன கேட்க வேண்டும்?

அன்றிரவுக்குத் தேவையானதை மட்டும்: என்ன பெயர் சொல்லி அழைக்க வேண்டும், காயமோ நோயோ உண்டா, யாராவது தேடி வருவார்களா, எங்கே படுத்தால் நிம்மதியாக உறங்க முடியும். சான்றிதழில் உள்ள பெயர் சட்டத்துக்குத் தேவைப்பட்டால் அது தனிக் கோப்பில், பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். அறைக்கதவு, உணவுப் பட்டியல், சலவைக் கூடை, தொலைபேசிச் செய்தி எங்கும் அழைக்கும் பெயரே வழங்க வேண்டும். வெளியிலிருந்து யாரேனும் தொலைபேசியில் பழைய பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி ஒருவர் இருக்கிறார் என்றோ இல்லை என்றோ எதையும் சொல்லாமல் இருப்பதற்குப் பணியாளர்களுக்குப் பயிற்சி வேண்டும்.

இந்த உரையாடல் நடக்கும் அறையைப் பற்றி ஒரு சோதனை சொல்கிறோம். அறைக்குள் ஒருவரை உட்காரவைத்துச் சாதாரணக் குரலில் எதையாவது வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு சொல் தெளிவாகக் கேட்டாலும் அறை தேறவில்லை. பெரும்பாலும் குற்றம் சுவரில் இருக்காது. கதவுக்கு அடியில் உள்ள விரற்கடை இடைவெளியிலும், பொய்க்கூரைக்கு மேலே எழுப்பாமல் விட்ட சுவரிலும்தான் இருக்கும். கதவின் அடியில் ரப்பர் பட்டை பொருத்துவதும், சுவரை மேல்தளம் வரை எழுப்புவதும் பெரிய செலவுகள் அல்ல. அந்த அறையில் இளையவரின் நாற்காலி கதவுக்கு அருகில், கதவைப் பார்த்தபடி இருக்கட்டும். அவருக்கும் கதவுக்கும் நடுவே ஆலோசகர் உட்காரக்கூடாது.

படுக்கையறைகளை ஆண், பெண் என்று பிரிக்க வேண்டுமா?

பெருங்கூடமாக அமைத்தால்தான் இந்தக் கேள்வி பெரிதாகிறது. ஒருவருக்கான அறைகளும் இருவருக்கான அறைகளும் கலந்து இருந்தால் முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்துவிடும். பிரிக்கத்தான் வேண்டும் என்று சட்டமோ உரிமமோ கட்டாயப்படுத்தும் இடங்களில், அவரவர் தம்மை எந்தப் பாலினமாக உணர்கிறாரோ அதன்படியும், எங்கே பாதுகாப்பாக உணர்கிறாரோ அதன்படியும் இடம் ஒதுக்க வேண்டும். இவை இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. திருநம்பி ஒருவர் ஆண்கள் பகுதியில் உறங்க அஞ்சலாம். அந்த அச்சத்தால் அவர் ஆண் அல்ல என்று ஆகிவிடாது. எல்லோரையும் கேட்டே ஒதுக்குவது என்ற வழக்கம் இருந்தால், திருநங்கையர், திருநம்பியர் ஆகிய திருநரை மட்டும் தனியாக அழைத்துக் கேட்கும் சங்கடம் நேராது.

தனி அறை கொடுக்க முடியாத இடங்களில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரை, தானே அணைக்கக்கூடிய ஒரு விளக்கு, ஒரு பிளக், பூட்டக்கூடிய ஒரு பெட்டி ஆகிய நான்கையும் விட்டுக்கொடுக்காதீர்கள். கைபேசி சார்ஜ் ஆகும் இடம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தால் மிக நல்லது. தெருவில் சில வாரம் கழித்தவருக்குக் கைபேசி திருடுபோவது உறவுகள் எல்லாம் ஒரே நாளில் அறுந்துபோவதற்குச் சமம். அதைத் தலையணைக்கு அடியில் கையால் பிடித்துக்கொண்டு உறங்குகிறவர் உண்மையில் உறங்குவதில்லை.

கழிப்பறை, குளியலறை?

ஒவ்வொன்றும் ஒருவருக்கானதாக, தரையிலிருந்து கூரை வரை சுவரும், முழுக் கதவும், உள்ளிருந்து போடும் தாழ்ப்பாளும் கொண்டதாக இருக்கட்டும். கைகழுவும் தொட்டியும் கண்ணாடியும் உள்ளேயே இருக்கட்டும். அப்போது கதவில் பாலினக் குறி எதுவும் தேவைப்படாது. கட்டட விதிகள் இதற்கு இடம் தராது என்ற பழைய பதில் இப்போது எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. கட்டடக் கலைஞர் ஜோயல் சாண்டர்ஸ், வரலாற்றாசிரியர் சூசன் ஸ்ட்ரைக்கர், சட்ட அறிஞர் டெரி கோகன் ஆகியோர் சேர்ந்து நடத்திய 'ஸ்டால்டு' என்ற முயற்சி இத்தகைய பொதுக் கழிப்பறைகளின் வடிவமைப்பையும் சட்டத் திருத்தத்தையும் ஒருசேர முன்வைத்தது; அமெரிக்க மாநிலங்கள் பல அடியொற்றும் பன்னாட்டுக் குழாய்ப்பணி விதித்தொகுப்பின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பும் எல்லாப் பாலினத்தாரும் பயன்படுத்தும் பல அறைக் கழிப்பறைகளுக்கு இடமளித்தது. உங்கள் ஊர் விதியை எடுத்து வாசித்துவிட்டுப் பேசுங்கள். ஒப்பந்ததாரரின் நினைவை நம்பாதீர்கள்.

குளிக்கும் இடத்துக்குள்ளேயே நனையாத ஒரு பகுதி, உடை மாட்டக் கொக்கி, உட்காரச் சிறு பலகை ஆகியவை வேண்டும். துண்டைச் சுற்றிக்கொண்டு நடைவழியில் அறைவரை போக வேண்டியிருந்தால், பலர் குளிப்பதையே தவிர்ப்பார்கள். மாதவிடாய்ப் பஞ்சு போடும் மூடிய தொட்டி எல்லாக் கழிப்பறைகளிலும் இருக்க வேண்டும். 'பெண்கள் பக்கம்' மட்டும் அதை வைத்தால், திருநம்பி ஒருவர் அதைப் பைக்குள் சுருட்டி வைத்து வெளியே கொண்டுபோக நேரும். கண்ணாடி முகத்தளவு போதும். தன் உடலை முழுதாகப் பார்ப்பது வேதனையாக இருக்கும் ஒருவருக்கு, குளித்து முடித்துத் திரும்பும்போது எதிரே நிற்கும் ஆளுயரக் கண்ணாடி ஓர் அடிபோல விழுகிறது. ஆளுயரக் கண்ணாடியை விரும்புகிறவர்களும் உண்டு. அதை உடைமாற்றும் அறையில், கதவு மூடிய அலமாரியின் உட்பக்கத்தில் பொருத்தலாம்.

குறைந்தது ஓர் அறையாவது சக்கர நாற்காலி சுழல 1500 மில்லிமீட்டர் இடமும், அதற்கேற்ற அகலமான கதவும் கொண்டிருக்க வேண்டும்.

சலவைக்கும் தனியாக யோசிக்க வேண்டுமா?

வேண்டும், யாரும் கேட்காமல் விடும் கேள்வி இது. மார்பைத் தட்டையாகக் காட்ட இறுக்கமாக அணியும் பைண்டர் என்ற உள்ளாடையை எட்டு மணி நேரத்துக்கு மேல் அணிய வேண்டாம், அதோடு உறங்க வேண்டாம் என்பது பொதுவாகத் தரப்படும் அறிவுரை. மறைவான இடம் இல்லாத காப்பகத்தில் இரவிலும் அதைக் கழற்ற மாட்டார்கள். விலா வலியும் மூச்சுத்திணறலும் வரும். அதைக் கையால் அலசி, காற்றில் உலர்த்த வேண்டும். பொதுக் கொடியில் போட முடியாததால் ஈரத்தோடு மெத்தைக்கு அடியில் ஒளித்துவைப்பார்கள், மறுநாள் அதே ஈரத்தோடு அணிவார்கள், தோல் புண்ணாகும். இதற்கான தீர்வு மிக எளிது: ஒவ்வொரு அறையிலும், அல்லது பூட்டக்கூடிய குளியலறையிலும், காற்றோட்டம் உள்ள மூலையில் மடக்கக்கூடிய ஒரு சிறு கொடி. வரைபடத்தில் ஒரு கோடு. அதை வரைவதற்கு யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தலாமா?

வெளிவாசல், பின்வாசல், வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றில் பொருத்தலாம். படுக்கையறை, குளியலறை, ஆலோசனை அறை இவற்றின் உள்ளேயும், அவற்றின் கதவுகளை நோக்கியும் கூடாது. யார் யாரோடு எந்த அறைக்குள் போனார் என்ற பதிவு உங்களிடம் இருந்தால், ஒரு நாள் யாராவது அதைக் கேட்பார்கள். பதிவுகளைச் சில நாள்களில் தானாக அழியும்படி அமைத்துவிடுவது நல்லது. இல்லாத பதிவை யாரும் கைப்பற்ற முடியாது.

தன்னையே துன்புறுத்திக்கொள்ளும் அபாயம் உள்ளவர்களுக்கு இவ்வளவு தனிமை ஆபத்தாகாதா?

நியாயமான கேள்வி; இதற்கு முழுமையான விடை கட்டடத்தில் மட்டும் இல்லை. தாழ்ப்பாளை எடுத்துவிடுவதோ, கதவில் கண்ணாடித் துளை வைப்பதோ விடை அல்ல. உள்ளிருந்து பூட்டவும், அவசரத்தில் வெளியிலிருந்து பணியாளரின் சாவியால் திறக்கவும் கூடிய பூட்டுகள் கிடைக்கின்றன. கதவு வெளிப்புறமாகவும் திறக்கக்கூடியதாக இருந்தால், உள்ளே யாரும் விழுந்து கிடந்தாலும் திறக்க முடியும். எடை கூடினால் கழன்று விழும் கொக்கிகளும் திரைக்கம்பிகளும், மேல்மாடிச் சன்னல்கள் 100 மில்லிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடுக்கும் கட்டுப்பானும், சிதறாத கண்ணாடியும் பொருத்தலாம். இவை எதுவும் பார்வைக்கு மருத்துவமனையை நினைவூட்ட வேண்டியதில்லை.

இவற்றுக்கு மேலாக, நள்ளிரவில் உறக்கம் வராத ஒருவர் போய் உட்காரக்கூடிய இடம் ஒன்று வேண்டும். மங்கிய விளக்கு, கெட்டில், இரண்டு நாற்காலிகள், விழித்திருக்கும் ஒரு பணியாளர். அதிகாலை மூன்று மணிக்கு 'அறைக்குப் போய்ப் படு' என்று சொல்லும் விதி இருக்குமானால், விலையுயர்ந்த பூட்டுகளால் பெரிய பயன் இல்லை.

பால்புதுமையினரின் அடையாளமான வானவில் வண்ணத்தைச் சுவரில் பூசலாமா?

சமூக மையத்தில் பூசுங்கள். காப்பகத்தில் படுக்கும் அறைகளில் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அங்கே 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் சாயல் விளக்கு, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்விட்ச், மினுக்கும் குழல்விளக்கு இல்லாமை, ஓசையை உறிஞ்சும் திரைச்சீலை ஆகியவை சுவரோவியத்தைவிட அதிக வேலை செய்கின்றன. திறப்புவிழாப் புகைப்படத்தில் ஓவியம் வரும், தாழ்ப்பாள் வராது. நன்கொடையாளர்கள் ஓவியத்துக்குப் பணம் தருவதற்கு இதுவே காரணம் என்று சலிப்போடு சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்துகளை எங்கே வைப்பது?

ஹார்மோன் மருந்துகள் உட்பட எல்லா மருந்துகளுக்கும் அவரவருக்குத் தனித்தனிப் பூட்டுப்பெட்டி, குளிரில் வைக்க வேண்டியவற்றுக்குப் பூட்டக்கூடிய சிறு ஃப்ரிட்ஜ், பயன்படுத்திய ஊசிகளைப் போடக் கெட்டியான தொட்டி ஆகியவை தேவை. மருந்து கொடுக்கும் சாளரம் உணவுக்கூடத்தைப் பார்த்து இருக்கக்கூடாது; வரிசையில் நிற்பதே ஓர் அறிவிப்பாகிவிடும்.

இணைய வசதிக்குக் கட்டுப்பாடு வைக்க வேண்டுமா?

ஆபாசத்தைத் தடுப்பதாகச் சொல்லும் வடிகட்டிகள் பல, பாலினம் பற்றிய உதவிப் பக்கங்களையும் சேர்த்து அடைத்துவிடுகின்றன. நிறுவும் நாளில் பத்து உதவிப் பக்கங்களைத் திறந்து பார்த்துவிடுங்கள். யார் எதைப் பார்த்தார் என்ற பதிவைச் சேமிக்க வேண்டாம். கைபேசியில் இருப்பிடம் பகிரும் வசதியையும், குடும்பத்தோடு பகிர்ந்த கணக்குகளையும் அணைக்க முதல் நாளிலேயே உதவுங்கள். முகவரி கசிவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

பாதுகாப்புக்காகக் கதவுகளைப் பூட்டினால் தீ விபத்தின்போது என்ன செய்வது?

வெளியிலிருந்து உள்ளே வருவதைத் தடுக்கலாம், உள்ளிருந்து வெளியே போவதை ஒருபோதும் தடுக்கக்கூடாது. தள்ளினாலே திறக்கும் கம்பிப்பூட்டும், தீ எச்சரிக்கை ஒலித்ததும் தானாக விடுபடும் காந்தப்பூட்டும் இதற்காகவே உள்ளன. பின்வாசல் திறந்தால் பணியாளர் அறையில் மெல்லிய மணி ஒலித்தால் போதும். ஒவ்வொரு பொது அறைக்கும் இரண்டு வழிகள் இருப்பது தீக்கு மட்டுமல்ல, பழைய அச்சத்துக்கும் மருந்து: ஒரு வாசல் அடைபட்டாலும் இன்னொன்று உண்டு என்று தெரிந்தவர் சுவரோரம் ஒண்டாமல் நடு அறையில் உட்காருவார்.

18 வயதுக்கு உட்பட்டவர்களை ஏற்கலாமா?

இது முழுக்க அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. பெற்றோர் ஒப்புதல், குழந்தைகள் நல அமைப்புக்குத் தெரிவிக்கும் கடமை, உரிமம் ஆகியவற்றைக் கட்டடம் தொடங்கும் முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பில், சிறாருக்கும் இருபது வயதைக் கடந்தவர்களுக்கும் உறங்கும் பகுதி தனித்தனியாகவே இருக்க வேண்டும். தெரிவிக்கும் கடமை இருப்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே, அவர் எதையும் சொல்வதற்கு முன், சொல்லிவிட வேண்டும்.

சமரசம் பேச வரும் குடும்பத்தினரை எங்கே சந்திப்பது?

காப்பகத்தில் அல்ல. சமூக மையத்திலோ வேறொரு பொது இடத்திலோ, இரு கதவுகள் உள்ள அறையில், இளையவர் விரும்பினால் மட்டும் சந்திக்கலாம். எல்லாக் குடும்பமும் எதிரி அல்ல. அழுதுகொண்டு வரும் தாய்க்கும் உட்கார ஒரு நல்ல நாற்காலி இருக்கட்டும். பால்புதுமை என்பது நோய் அல்ல என்பதை அவர்களுக்கு விளக்க நேரும்: உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 'குணப்படுத்தும்' மருத்துவரை அழைத்து வருகிறோம் என்று யார் சொன்னாலும் வாசலைத் தாண்டி விடக்கூடாது.

தனிக் கட்டடம் கட்டும் அளவுக்குப் பணம் இல்லையே?

பெரும்பாலோருக்கு இருந்ததில்லை. 1970இல் நியூயார்க்கில் பால்புதுமையினர் உரிமைப் போராளிகளான சில்வியா ரிவேராவும் மார்ஷா பி. ஜான்சனும் வீடற்ற திருநர் இளையோருக்காக நடத்திய 'ஸ்டார்' இல்லம், நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு லாரியின் பெட்டியில் தொடங்கிப் பின்னர் பாழடைந்த ஒரு கட்டடத்துக்கு மாறியது. 1971இல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். வாடகை ஒப்பந்தத்தைப் பாதுகாப்பின் முதல் உறுப்பாக நாங்கள் எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று ஆண்டுக்குக் குறைந்த ஒப்பந்தத்தில் உள்ள இடத்தில் பெரிய பணம் போடாதீர்கள்.

கட்டடமே இல்லாத வழியும் உண்டு. மான்செஸ்டரில் 1989இல் ஆல்பர்ட் கென்னடி என்ற 16 வயதுச் சிறுவன் தாக்க வந்தவர்களிடமிருந்து தப்பும்போது வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து விழுந்து இறந்ததை அடுத்து உருவான அறக்கட்டளை, இளையோரைப் பால்புதுமையினரின் வீடுகளிலேயே தங்கவைக்கும் முறையைக் கையாண்டது. நகரின் பல பகுதிகளில் சில வீடுகளை வாடகைக்கு எடுத்து நான்கைந்து பேராகத் தங்கவைப்பது இன்னொரு வழி. முகவரி ஒன்று கசிந்தாலும் மற்றவை காப்பாற்றப்படும். டெட்ராய்ட்டில் வாழ்ந்த ரூத் எல்லிஸ் என்ற பெண்மணி, வேறு எங்கும் கூட முடியாத கறுப்பினப் பால்புதுமையினருக்கு 1946 முதல் 1971 வரை தம் சொந்த வீட்டையே கூடுமிடமாகத் திறந்து வைத்திருந்தார். இன்று அவர் பெயரில் அங்கே ஓர் இளையோர் மையம் இயங்குகிறது.

கையில் இருப்பது சிறு தொகை என்றால் எங்கள் வரிசை இது: முதலில் தாழ்ப்பாள்கள், பிறகு பூட்டுப்பெட்டிகள், பிறகு பேசும் அறையின் கதவு, பிறகு இரவுப் பணியாளரின் சம்பளம். சோஃபா கடைசியில்.

இளையோரை வடிவமைப்பில் எப்படிச் சேர்ப்பது?

வரைபடத்தை மேசையில் விரித்து 'கருத்துச் சொல்லுங்கள்' என்றால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டுவார்கள். காலி அறையில் தரையின்மேல் ஒட்டுநாடாவால் சுவர்களையும் கதவுகளையும் உண்மை அளவில் ஒட்டி, அட்டைப்பெட்டிகளைக் கட்டிலாக அடுக்கி, நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறார்கள், எதற்கு முதுகைக் காட்ட மறுக்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர்கள் தரும் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். கட்டடக் கலைஞருக்குக் கொடுக்கிறீர்கள் அல்லவா? ஏற்க முடியாத யோசனையை ஏன் ஏற்கவில்லை என்று திரும்பி வந்து சொல்லுங்கள்.

திறந்த பிறகு, வடிவமைப்பு சரியாக வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?

தங்கியிருப்போர் எண்ணிக்கை பெரிதாக எதையும் சொல்லாது. வேறு போக்கிடம் இல்லாதவர்கள் மோசமான இடத்திலும் தங்குவார்கள். ஒரே இரவு தங்கிவிட்டு வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு விளக்கோடு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். கதவுக்குக் குறுக்கே நாற்காலி முட்டுக்கொடுக்கப்பட்டிருந்தால் அந்தத் தாழ்ப்பாளை யாரும் நம்பவில்லை. கதவிடுக்கில் துணி செருகியிருந்தால் அந்த அறையில் பேசுவது வெளியே கேட்கிறது. குளியலறைக் கண்ணாடியின்மேல் துண்டு தொங்கினால் அதை எடுக்கச் சொல்லாதீர்கள், கண்ணாடியைச் சிறிதாக்குங்கள்.